‘சும்மா எடை பார்க்கிறோம் சார்’: ரோந்துக் கப்பலிடம் 13 டன் தண்ணீரைப் பறிகொடுத்தது எப்படி

தனியாளாகக் கப்பல் வைத்துக்கொண்டு சிறுகோள் பட்டையில் கல்லை வறுத்துத் தண்ணீர் எடுத்து விற்றுப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிக்காரர்கள் படிக்க வேண்டியதில்லை. அவர்கள் கப்பலிலேயே வக்கீலுக்கு ஒரு படுக்கை உண்டு. என்னைப் போல ஒரு கப்பல், நாலு தொட்டி, வெயிலைக் குவிக்க ஒரு கண்ணாடி என்று ஓட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

எந்த ஆணையம் என்று பெயர் போடப் போவதில்லை. நட்சத்திரம் தாண்டி நட்சத்திரம் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிக்கொள்வது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் நின்றிருந்தது கரிவகைக் கல் ஒன்றில். குறுக்கே முந்நூறு மீட்டர் இருக்கும். இந்த வகையில் தண்ணீர் பனிக்கட்டியாகக் கிடைக்காது, களிமண் கனிமங்களுக்குள் பிணைந்து கிடக்கும். சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால்தான் ஆவியாக வெளியே வரும். நல்ல கல்லாக அமைந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு தேறும். சூரியனிலிருந்து 2.7 வானியல் அலகு, அதாவது பூமி இருக்கிற தூரத்தைப் போல 2.7 மடங்கு, தள்ளி இருக்கிற இடம் என்பதால் பூமிக்குக் கிடைக்கிற வெயிலில் ஏழில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதற்கேற்ற மாதிரி கண்ணாடியை விரித்து, நானூறு டன்னுக்கு மேல் கல்லை வறுத்து, பதினோரு மாதத்தில் 38 டன் சேர்த்தேன். நாலு தொட்டியிலும் தலா ஒன்பதரை டன். தொட்டி பன்னிரண்டு டன் பிடிக்கும். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பெருக்கும் என்பதால் நான் எப்போதும் தாராளமாகவே இடம் விட்டு வைப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம் கயிறு. கல் கல் என்கிறோமே தவிர, இவற்றில் நிறைய வெறும் ஜல்லிக் குவியல். 2020ல் பென்னு என்ற சிறுகோளைத் தொட்ட ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை அரை மீட்டர் ஆழம் உள்ளே போனது. 2014ல் வால்மீனில் இறங்கிய ஃபிலே என்ற கலத்துக்கு ஈட்டிக் கொக்கி பாயவே இல்லை, துள்ளித் துள்ளிப் போய் எங்கோ ஓர் இடுக்கில் நின்றது. அதனால் நான் கொக்கியை நம்புவதில்லை. கல்லையே வலையால் சுற்றி, அந்த வலையில் நாலு கயிறு போட்டுக் கப்பலைக் கட்டிவிடுவேன். பல வருடப் பழக்கம். அந்தக் கயிறு சட்டப் பிரச்சினையாகும் என்று யார் கண்டது?

தொட்டிகளை மூடிக் கிளம்பத் தயாரான வாரத்தில் ரோந்துக் கப்பல் வந்து பக்கத்தில் நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. “ஒன்றுமில்லை சார், வழக்கமான சோதனைதான். சும்மா எடை பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்” என்றார் மூத்தவர். சின்னவர் ஒரு படிவத்தை நீட்டினார். தலைப்பு ‘ஒத்துழைப்புப் படிவம்’. ஒத்துழைக்க மாட்டேன் என்று யார் சொல்வார்கள்?

எந்த விதியின்கீழ் ஏறினீர்கள் என்று கேட்கத்தான் செய்தேன். 1967 விண்வெளி ஒப்பந்தம், 12ஆவது விதி என்றார்கள். அந்த விதியை நான் முன்பே படித்திருக்கிறேன். நிலவிலும் பிற வான்பொருள்களிலும் இருக்கிற நிலையம், கருவி, கலம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற நாடுகளின் பிரதிநிதிகள் பார்க்க விட வேண்டும், ஆனால் அது பரஸ்பரமாக இருக்க வேண்டும், நியாயமான முன்னறிவிப்பும் தர வேண்டும் என்பது அதன் சாரம். “என் கப்பல் வான்பொருள் மேல் இல்லையே, பக்கத்தில்தானே மிதக்கிறது?” என்றேன். மூத்தவர் ஜன்னல் வழியாகக் கயிற்றைக் காட்டினார். “கட்டியிருக்கிறதே சார்.”

முன்னறிவிப்பு எங்கே என்றதற்கு, என் கப்பல் பதிவான அலுவலகத்துக்குப் பூமிக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். உண்மைதான். அது அங்கே போய், பதிவாகி, எனக்குத் திருப்பி அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தபோது என் தொட்டிகள் அவர்கள் கப்பலில் இருந்தன.

படிவத்தில் கையெழுத்துப் போட அரை மணி நேரம் கொடுத்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து பூமி அன்றைக்கு மூன்று வானியல் அலகு தூரம். என் குரல் வக்கீல் அம்மாவுக்குப் போக 25 நிமிடம், அவர் பதில் வர இன்னொரு 25 நிமிடம். அரை மணி நேரம் என்பது யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு என்று இப்போது புரிகிறது. நாற்பதாவது நிமிடம் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிடம் சலுகை தந்ததற்கு நன்றி வேறு சொன்னேன். ஐம்பத்து மூன்றாவது நிமிடம் அம்மாவின் பதில் வந்தது: “எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கப்பல் மேலும் அதில் இருப்பவர்கள் மேலும் அதிகாரம் பதிவு செய்த நாட்டுக்குத்தான், அதே ஒப்பந்தத்தின் 8ஆவது விதி. அந்த ஆணையம் முதலில் ஒரு நாடா என்று கேளுங்கள்.”

சரி, எடைக்கு வருவோம். நமக்கெல்லாம் தெரிந்ததுதான், இங்கே தராசு வேலை செய்யாது. பொருளைச் சுருள்வில்லில் பூட்டி ஆட்டிவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து நிறையைக் கணக்கிட வேண்டும். 1973ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் வீரர்களை இப்படித்தான் எடை போட்டார்கள். திடப்பொருளுக்கு அருமையான முறை. ஆனால் பாதியும் முக்காலுமாகத் தண்ணீர் இருக்கிற தொட்டியை ஆட்டினால், உள்ளே இருப்பது முழுவதும் தொட்டியோடு சேர்ந்து ஆடாது. கொஞ்சம் பின்தங்கும், கொஞ்சம் எதிர்ப்பக்கம் அலம்பும். கருவிக்குத் தெரிவது தொட்டியோடு ஆடுகிற பங்கு மட்டும்தான்.

நாலாவது தொட்டியை ஆட்டியபோது நான் பக்கத்திலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். தொட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் தண்ணீர் மோதுவது தெரிகிறது. தொட்டி ஒரு பக்கம் வந்த பிறகு ஒரு நொடி கழித்து ‘தொப்’ என்று ஒரு தட்டு. திரையில் முதல் அளவு 8.2 டன், அடுத்தது 8.9, மூன்றாவது 8.5. ஒரே தொட்டிக்கு மூன்று முறை ஆட்டினால் மூன்று எடை வருகிறது என்றால் தப்பு எடையிலா முறையிலா என்று கேட்க மாட்டார்களா? சின்னவர் 8.2 என்று எழுதிக்கொண்டார். ஏன் குறைந்ததை எடுக்கிறீர்கள் என்றேன். “உங்களுக்குச் சாதகமாக இருக்கட்டும் என்றுதான் சார்” என்றார்.

நாலையும் கூட்டி 34 டன் என்றார்கள். நான் அறிவித்தது 38. ஆகவே இடையில் 4 டன்னைக் கணக்கில் காட்டாமல் விற்றிருக்கிறேன். யாருக்கு விற்றேன்? பதினோரு மாதமாக என் பக்கத்தில் வந்த முதல் மனித முகமே அவர்களுடையதுதான். 2023ல் பென்னுவிலிருந்து வந்த மண்ணை 121.6 கிராம் என்று கிராமில் பத்தில் ஒரு பங்குவரை கணக்கு வைத்தார்கள். இங்கே நாலு டன் ‘தொப்’ என்ற சத்தத்தில் காணாமல் போய்விட்டது.

தொட்டிகளைக் கழற்றிச் சீல் வைத்துத் தங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று, காவல் கட்டணம் நாளொன்றுக்கு 11 கிலோ, பறிமுதல் செய்த சரக்கிலிருந்தே கழித்துக்கொள்ளப்படும். இரண்டு, இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம், மனு ஓராண்டுக்குள் தலைமையகத்தில் *பெறப்பட* வேண்டும்.

தலைமையகம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியில் இருக்கிறது. 4.24 ஒளியாண்டு. நான் அந்த நிமிடமே மனுவை ஒளி வேகத்தில் அனுப்பினாலும் போய்ச் சேர நாலே கால் வருடம் ஆகும். ஓராண்டுக்குள் பெறப்பட வேண்டும் என்றால், பறிமுதல் நடப்பதற்கு மூன்றே கால் வருடம் முன்பே நான் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். இதை மூத்தவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “மேலிடத்து விதி சார், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார். அந்த மேலிடத்தை அவர் பார்த்ததில்லை, அவருடைய மேலதிகாரியும் பார்த்ததில்லை. 1977ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் போகிற வேகத்தில் போனால் அந்தத் தூரத்துக்கு எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ‘மேலிடம்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

அன்று இரவு தூக்கம் வராமல் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மனு போக 4.24 வருடம், பதில் வர 4.24 வருடம். மொத்தம் 3,097 நாள். நாளுக்கு 11 கிலோ என்றால் 34,067 கிலோ. அவர்கள் எடை போட்டது 34 டன். பதில் எனக்குச் சாதகமாக வந்தாலும் திருப்பித் தருவதற்கு ஒரு சொட்டு மிஞ்சாது, நான்தான் 67 கிலோ பாக்கி வைத்திருப்பேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயையே கூலியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் ‘சமரசம்’ பேசினேன். மறைத்து விற்றதாகச் சொன்ன 4 டன்னுக்கு இரண்டு மடங்கு அபராதம், 8 டன். எடை போட்ட கூலி அரை டன். ஆமாம், தப்பாக எடை போட்டதற்கும் கூலி உண்டு. 41 நாள் காவல் கட்டணம் 451 கிலோ. கூட்டினால் 8,951 கிலோ. மீதியை எடுத்துக்கொண்டு போ என்றார்கள். இவ்வளவு வரை எனக்குக் கோபம்தான், ஏமாற்றப்பட்டேன் என்ற எண்ணம் இல்லை. முட்டாள்தனமான விதி, அவசரமான எடை, என் கெட்ட நேரம் என்று நினைத்தேன்.

சரக்கைத் திருப்பித் தருகிற இடத்தில்தான் கண் திறந்தது. அபராதத்தை இறைத்துக்கொண்ட பிறகு தொட்டிகளின் வெப்பப் போர்வையைக் கழற்றி நிழல் பக்கம் திருப்பி வைத்தார்கள். பத்து நாள். உள்ளே எல்லாம் கட்டியாக உறைந்தது. பிறகு சுருள்வில்லில் பூட்டி ஆட்டினார்கள். மூன்று முறையும் ஒரே அளவு. நாலு தொட்டியும் சேர்த்து 25.05 டன். அதாவது அவர்களுடைய 34லிருந்து 8,951 கிலோவைக் கழித்தால் வருவது. என்னுடைய 38லிருந்து கழித்தால் 29 வந்திருக்க வேண்டும். காகிதத்தில் இல்லாத அந்த 4 டன் எங்கே என்று கேட்டேன். “அதைத்தான் நீங்கள் விற்றுவிட்டீர்களே சார்” என்றார் சின்னவர். முதலில் ஏன் உறைய வைத்து எடை போடவில்லை என்றேன். “உறைய வைத்தால்தான் சார் சரியாக வரும்” என்றார், எனக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரி. அந்தப் பத்து நாளும் 41 நாளுக்குள் அடக்கம், அதற்கும் கட்டணம் வாங்கியாயிற்று.

எடை போடத் தெரியாதவர்கள் இல்லை. எப்போது தெரிய வேண்டும், எப்போது தெரியக் கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு அப்புறம் நான் செய்கிறதைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொட்டிகளை உறைய விட்டு, நானே எடை போட்டு, மூன்று அளவையும் பூமியில் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். ஒளி வேகத்தில் போன செய்தியை யாரும் துரத்திப் பிடித்துத் திருத்த முடியாது. விற்கிற இடத்தில் உருக்க வெயில் செலவாகும், பரவாயில்லை. அந்நியக் கப்பல் நெருங்குவது தெரிந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை விடுவித்து ஐம்பது மீட்டர் நகர்ந்துவிடுகிறேன். முக்கியமாக, ‘ஒத்துழைப்பு’ என்ற தலைப்பில் எது வந்தாலும் வக்கீல் பதில் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். அரை மணிக்குள் போடாவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவே இல்லை. பிறகு ஒரு பழைய கப்பல்காரர் சொன்னார், அவர் நாலு மணி நேரம் காக்க வைத்தாராம், எரிபொருள் வீணாகிறது என்று போய்விட்டார்களாம்.

உடைமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். 2015ல் அமெரிக்கா, 2017ல் லக்சம்பர்க், பிறகு ஐக்கிய அரபு அமீரகம், 2021ல் ஜப்பான் என்று வரிசையாக, தோண்டி எடுத்தது எடுத்தவருக்கே சொந்தம் என்கிற சட்டங்கள் இருப்பது உண்மை. ஆனால் தண்ணீர் என்னுடையதா இல்லையா என்று யாரும் வாதாடவே இல்லை. என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுதான் எடுத்துக்கொண்டார்கள். வாதம் எல்லாம் எடையைப் பற்றித்தான்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அபராதத்துக்கு நாலாவது தொட்டியைத்தான் அதிகம் இறைத்திருந்தார்கள். அதன் மூடியில் அவர்களுடைய சீல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று பிரிக்கலாம் என்று கத்தியோடு போனேன். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: அதிகாரி முன்னிலையில் அல்லாமல் அகற்றினால் அபராதம் 2 டன். உள்ளே இருப்பது ஒரு டன்.