பாட்டி, பக்கத்து வீட்டம்மா, லைசென்ஸ் வீடு: கலிஃபோர்னியாவில் பிள்ளை பார்க்க அரசுப் பணம் யாருக்குக் கிடைக்கும்?

கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு அரசு பணம் தருகிறது. குடும்ப வருமானம் மாநில இடைநிலை வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிள்ளை 13 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், பெற்றோருக்கு வேலை, படிப்பு போன்ற காரணம் இருக்க வேண்டும். இதெல்லாம் பெற்றோர் காட்ட வேண்டிய தகுதி. விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது பார்த்துக்கொள்பவரின் தகுதியில்தான். அங்கே மூன்று வழிகள் உண்டு: லைசென்ஸ் தேவைப்படாத நெருங்கிய உறவினர், லைசென்ஸ் இல்லாத வெளியாள், லைசென்ஸ் பெற்ற வீட்டுக் காப்பகம். எந்த வழி உங்களுடையது என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கும். பிள்ளைக்கு நீங்கள் என்ன உறவு? எத்தனை குடும்பத்துப் பிள்ளைகள்? யார் வீட்டில் பார்க்கிறீர்கள்? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

முதல் வழிதான் மிக எளிது. பிள்ளையின் தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்களைத் திருமணம் செய்தவர்கள் ஆகியோருக்கு லைசென்ஸும் வேண்டாம், டிரஸ்ட்லைன் என்ற பின்னணிச் சோதனையும் வேண்டாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும், உறவு இன்னதென்று எழுத்தில் உறுதி தர வேண்டும். நம்மவர்கள் தவறுவது இந்த உறவுக் கட்டத்தில்தான். தமிழில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையும் சித்திதான், அப்பாவின் பெரியப்பா மகளும் அத்தைதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. அம்மாவின் கூடப் பிறந்த தங்கை என்றால் விலக்கு உண்டு. ஒன்றுவிட்ட தங்கை என்றால் வெளியாள் கணக்கு. பிள்ளையின் சொந்த அக்காவே 20 வயதில் தம்பியைப் பார்த்துக்கொண்டாலும் அவர் இந்த விலக்குப் பட்டியலில் இல்லை, டிரஸ்ட்லைன் போட வேண்டும். படிவத்தில் ‘ஆன்ட்டி’ என்று குறிக்கும் முன், “நேரடி உடன்பிறப்பா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். தவறான உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வரலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து பி-2 என்ற சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா, பேரனைப் பாசத்தோடு பார்த்துக்கொள்ளலாம். அவர் பெயரைப் படிவத்தில் எழுதி அரசுப் பணம் வாங்கினால் அது சம்பளத்துக்கு வேலை செய்வதாகும், அந்த விசாவில் அதற்கு அனுமதி கிடையாது. கிரீன் கார்டு உள்ள பாட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவர் வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்குபவராக இருந்தால், இந்தப் பணமும் வருமானமாகக் கணக்கில் வந்து அந்தத் தொகை குறையும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது வழி, பக்கத்து வீட்டம்மா, நண்பர், ஒன்றுவிட்ட உறவு. தன் பிள்ளைகளோடு சேர்த்து வேறு ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்க்கும்வரை லைசென்ஸ் வேண்டாம். ஆனால் டிரஸ்ட்லைன் பதிவு கட்டாயம். 1987-இல் சட்டமாகத் தொடங்கிய இந்தப் பதிவேடு மூன்று இடங்களில் தேடுகிறது: மாநில நீதித்துறையின் குற்றப் பதிவுகள், மாநிலக் குழந்தை வன்கொடுமை மையப் பட்டியல், எஃப்.பி.ஐ. பதிவுகள். விண்ணப்பத்தோடு லைவ் ஸ்கேன் நிலையத்தில் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலும் லைவ் ஸ்கேன் படிவத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், ஓட்டுநர் உரிமத்தில் பின்னால் என்று இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். சில குற்றங்களுக்கு விலக்குக் கேட்க வழி இருக்கிறது, மறைத்ததற்கு நியாயம் சொல்வதுதான் கடினம்.

டிரஸ்ட்லைன் ஆளோடு ஒட்டியது. வீடு மாறினாலும் பதிவு கூடவே வரும், முகவரியை மட்டும் தெரிவித்தால் போதும். அதே சமயம் அது சோதிப்பது அந்த ஒருவரை மட்டுமே. அவர் வீட்டில் இருக்கும் மற்ற பெரியவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளையை விட வேண்டும்.

இந்த வழி உடைவது பெரும்பாலும் நல்ல மனதால். எதிர்வீட்டுக்காரர், “ரெண்டு மணி நேரம் என் பொண்ணையும் பார்த்துக்கங்க அக்கா” என்பார். அது தினசரி ஏற்பாடாகிப் பணமும் கைமாறினால் இரண்டாவது குடும்பம் வந்துவிட்டது. அந்தக் கணத்தில் அது லைசென்ஸ் இல்லாமல் நடத்தும் காப்பகம்.

யார் வீடு என்ற கேள்வி இங்கே பெரிதாகிறது. பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்தால், சட்டப்படி பெற்றோர் முதலாளி ஆகிறார்கள். குறைந்தபட்சக் கூலி பொருந்தும். காலாண்டில் 750 டாலரோ அதற்கு மேலோ சம்பளம் கொடுத்தால் மாநில வேலைவாய்ப்புத் துறையான இ.டி.டி.யில் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு பிள்ளைக்கு அரசு தரும் தொகை அந்தக் கூலியை எட்டுவது கஷ்டம், மீதி பெற்றோர் தலையில் விழும். முடிந்தால் பார்ப்பவரின் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது வழிக்கு வேலை அதிகம். அதற்கேற்ற பலனும் உண்டு. சிறு வீட்டுக் காப்பக லைசென்ஸில் நான்கு கைக்குழந்தைகள், அல்லது மூன்று கைக்குழந்தைகளுக்கு மேற்படாமல் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். கைக்குழந்தை என்றால் இரண்டு வயதுக்குக் கீழே. எட்டு வரை போகவும் வழி உண்டு: கைக்குழந்தைகள் இரண்டுக்கு மேல் கூடாது, ஒரு பிள்ளையாவது பள்ளிக்குப் போக வேண்டும், இன்னொன்றுக்காவது ஆறு வயதாகியிருக்க வேண்டும், வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வீட்டில் இருக்கும் உங்கள் சொந்தப் பிள்ளைகளும் 10 வயதுக்குக் கீழே என்றால் இந்தக் கணக்கில் வருவார்கள். இரண்டு வாண்டுகள் உள்ள தாய்க்கு ஆறில் மிஞ்சுவது நான்கு இடம்தான். உதவியாளர் இருந்தால் 12, சில நிபந்தனைகளோடு 14 வரை போகும் பெரிய லைசென்ஸ் வேறு. அதற்கு ஓராண்டு அனுபவமும் தீயணைப்புத் துறை அனுமதியும் வேண்டும்.

முதலுதவி, சி.பி.ஆர். என்ற இதய உயிர்மீட்பு, நோய்த்தடுப்புச் சுகாதாரம், ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும். முதலுதவியையும் சி.பி.ஆரையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எல்லோரும் கைரேகை தர வேண்டும். மகனுக்கு 18 ஆகும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மறந்தால் நாளுக்கு 100 டாலர் அபராதம் வரலாம்.

பிறகு வீட்டுச் சோதனை. தீயணைப்பான், புகை எச்சரிக்கை மணி, கார்பன் மோனாக்சைடு மணி, பூட்டிய விஷப்பொருள்கள், மாடிப்படிக்குத் தடுப்பு, நீச்சல் குளத்துக்கு ஐந்தடி வேலி. நம் வீடுகளில் தனியாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. அரிவாள்மனை கைக்கெட்டாத இடத்துக்குப் போக வேண்டும். நடைவண்டியாகப் பயன்படுத்தும் பேபி வாக்கருக்குத் தடை. தூளி கட்டித் தூங்க வைக்கக் கூடாது. 2020-இல் வந்த பாதுகாப்பான உறக்க விதிப்படி, ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை தனித் தொட்டிலில் மல்லாந்துதான் தூங்க வேண்டும், தலையணையோ தளர்ந்த போர்வையோ கூடாது. இரண்டு வயது வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். தூளியில் வளர்ந்த நமக்கு இது மனசுக்கு ஒவ்வாமல் இருக்கும். ஆனால் மூச்சுத்திணறலைத் தடுக்க வந்த விதி இது, இதில் சமரசம் வேண்டாம்.

லைசென்ஸ் முகவரியோடு ஒட்டியது. வீடு மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் பிள்ளைகளைப் புது வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. ஆனால் வாடகைக்கு இருப்பவர் பயப்பட வேண்டாம்: 2020 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, உரிமம் பெற்ற வீட்டுக் காப்பகத்தை வீட்டு உரிமையாளர் தடுக்க முடியாது. 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். எட்டுப் பிள்ளைகள் வரை போக மட்டும் மேலே சொன்ன சம்மதம் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை லைசென்ஸ் உள்ளவருக்கான உச்ச விகிதம் கூடுதல், பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கூட்டரசின் உணவுத் திட்டத்திலும் சேரலாம். ஒரு பேரன் மட்டும் என்றால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. மாதாமாதம் இதையே பிழைப்பாகச் செய்ய நினைப்பவர் இரண்டாவது வழியில் நீண்ட நாள் தங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டிரஸ்ட்லைனில் தொடங்கி, அந்த வருமானம் ஓடும்போதே பயிற்சியை முடித்து, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு இரண்டாவது குடும்பத்தைச் சேருங்கள்.

எந்த வழியானாலும் வருகைத்தாள் ஒன்றுதான் பணமாகிறது. பிள்ளை வந்த நேரம், போன நேரம் இரண்டும் அன்றன்றே விழ வேண்டும், பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். 8:00 – 5:00 என்று மாதம் முழுக்க ஒரே மையில் ஒரே நாளில் நிரப்பிய தாள் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 7:52 என்றால் 7:52 என்றே எழுதுங்கள். தாளைக் கதவுக்குப் பக்கத்தில் பேனாவோடு கட்டித் தொங்க விடுங்கள்.