கழன்ற கோர் பிளக்கை அடித்து ஒட்டி அனுப்புகிறார்கள், கவனம்

எஞ்சின் பிளாக்கில் கோர் பிளக் லூஸாகிக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், வண்டியை விட்டுவிட்டு வருவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்த வேலையால் என் வண்டியின் சிலிண்டர் ஹெட், அதாவது பிளாக்கின் மேல் உட்காரும் பகுதி, வளைந்துபோனது.

கூலன்ட் டப்பாவில் வாரத்துக்கு ஒரு விரல் அளவு குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான் முதலில் தெரிந்தது. ஹோஸ்களில் ஈரம் இல்லை, ரேடியேட்டரும் நன்றாகவே இருந்தது. டார்ச் அடித்துத் தேடியபோது, புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகட்டைச் சுற்றிப் பச்சையும் துருவும் கலந்த கறை கண்ணில் பட்டது. அதுதான் கோர் பிளக். வெல்ச் பிளக் என்றும் சொல்வார்கள். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைக்கும் மணல் அச்சுக்காக விடப்படும் ஓட்டைகளை அடைக்கிற, கிண்ணம் போன்ற சின்ன மூடி. (தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்காமல் இருக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது இருக்கும் காரணம் வார்ப்பு வேலைதான்.) மரையும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. மூடி ஓட்டையைவிட மயிரிழை பெரிதாக இருக்கும்; நேராக அடித்து இறக்கினால் அந்த இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். பிரஸ் ஃபிட் என்பது இதுதான்.

நான் போன மெக்கானிக் விரலால் தட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. “இது ஒரு வேலையே இல்ல சார். புது பிளக் போட்டு, லேத்துல குடுத்து டைட் பண்ணித் தந்துடுறேன்” என்றார். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது, வண்டி ரெடி என்று. பில்லில் புது பிளக், லேத் கூலி, கூலன்ட் மூன்றும் இருந்தன. பழைய பிளக்கைக் கேட்டேன். “குப்பையில போய்டுச்சு சார்” என்றார். அங்கேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். எஞ்சின் வண்டியிலேயே இருக்கும்போது எந்தப் பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பினார்? அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து வாரம் ஓடியது. ஒரு நீண்ட ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது, காருக்குள் தித்திப்பான ஒரு வாசனை பரவியது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறியது. நான் ஓரம் கட்ட இடம் பார்ப்பதற்குள் மெதுவாக இறங்கியும் விட்டது. சூடு தணிந்துவிட்டது என்று நம்பி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். இந்த ஓர் இடத்தை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். கூலன்ட் மொத்தமாகக் கொட்டிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். உள்ளே இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் கீழே வரும். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிடுங்கள். நான் அணைத்தபோது இழுவை போய், டக் டக் என்று சத்தமும் வந்துவிட்டிருந்தது. பானட்டைத் தூக்கிப் பார்த்தால், பிளக் இருந்த இடத்தில் கட்டைவிரல் தாராளமாக நுழையும் கருப்பு ஓட்டை. பிளக் கீழே எஞ்சின் கவரில் கிடந்தது.

வேறு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் ஹெட்டைக் கழற்றி, அதன் முகத்தில் நேர்கம்பியை வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் என்ற, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை நுழைத்துக் காட்டினார். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு வளைவு 0.05 மி.மீ.தான் எல்லை. என் ஹெட்டில் 0.20 தகடு தடையில்லாமல் போய் வந்தது. ஹெட் ஃபேசிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது), புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட் என்று வேலை எங்கேயோ போய்விட்டது.

அதன்பிறகு அவர் அந்தப் பிளக்கைக் கையில் கொடுத்து, “இதப் பாருங்க தம்பி” என்றார். உள்பக்கம் முழுக்க பழைய துரு, அடுக்கடுக்காக. புது பிளக்கே இல்லை அது, ஐந்து வாரத்துக்கு முன் ஆடிக்கொண்டிருந்த அதே பிளக். விளிம்பில் சுத்தியல் அடி நேராக விழுந்து நசுங்கிய தழும்பு. சுற்றிலும் கருப்பு சிலிகான் ரப்பர் போல உரிந்து வந்தது. ஓட்டையின் வாயைச் சுற்றி, கூர்முனை உள்ள சென்டர் பஞ்ச் வைத்துக் குத்திய புள்ளிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. குத்தினால் அந்த இடத்து உலோகம் உள்ளே கொஞ்சம் பிதுங்கும், பிளக் இறுகியது போல இருக்கும். ஆனால் பிடிப்பது அந்தப் பதினொரு புள்ளிகள் மட்டும்தான். சூடாகிக் குளிர்ந்து, அதிர்ந்து அதிர்ந்து அந்தப் புள்ளிகள் தேயத் தேய, பிளக்குக்குப் பிடிமானமே இல்லாமல் போகும்.

சும்மா ஒரு தகடுதானே என்று நினைக்க வேண்டாம். சூடான எஞ்சினில் கூலன்ட் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் இருக்கும். 35 மி.மீ. விட்டமுள்ள பிளக் என்றால், கிட்டத்தட்ட 10 கிலோ எடை அதை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதுவே அலுமினியப் பிளாக்கில் எஃகுப் பிளக் என்றால் இன்னும் மோசம். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி சூடு ஏறினால் 35 மி.மீ. ஓட்டை 0.08 மி.மீ. பெரிதாகும், பிளக் 0.04தான் வளரும். ஆறிய நிலையில் கையால் ஆட்டிப் பார்த்து “டைட்டா இருக்கு” என்பதற்கு அர்த்தமே இல்லை.

முதல் மெக்கானிக்கிடம் அந்தப் பிளக்கோடு திரும்பிப் போனேன். “வண்டி பழசு சார், நான் என்ன பண்ண? ஒரு மாசம் ஓடுச்சுல்ல?” என்றார். பிளக்குக்கும் லேத்துக்கும் வாங்கியதை மட்டும் திருப்பித் தந்தார். ஹெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் பிளக்கை அடித்ததைவிட, செய்யாத லேத் வேலையைப் பில்லில் எழுதியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. “தற்காலிகமா அடிச்சு வச்சிருக்கேன், சீக்கிரம் சரியா பண்ணிடுங்க” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் நெடுந்தூரம் வண்டியை எடுத்தே இருக்க மாட்டேன்.

பெரியவர் செய்த வேலை இது. ஓட்டையைக் கம்பி பிரஷ்ஷாலும் மெல்லிய எமரியாலும் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தார். கீறல் குறுக்கே விழக்கூடாது, அந்தக் கோட்டின் வழியே கூலன்ட் வெளியேறும் என்பதால் வட்டமாகவே தேய்த்தார். ஓட்டையின் உள்விட்டம் பார்க்கும் போர் கேஜ் வைத்து இரண்டு மூன்று திசையில் அளந்தார். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காலத்தில் துரு தின்று ஓட்டை பெரிதாகியிருந்தது, பழைய அளவுப் பிளக் இனி நிற்காது. ஓவர்சைஸ் பிளக் வரவழைத்தார். எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, ரிட்டெய்னிங் காம்பவுண்ட் தடவினார். காற்றுப் படாமல் உலோகத்துக்கு நடுவே அடைபட்டால்தான் இறுகும் பசை அது. லாக்டைட் என்று பொதுவாகச் சொல்லும், மரையில் போடும் பசை வேறு, சிலிகான் வேறு, இது வேறு. உதாரணமாக அதே லாக்டைட் கம்பெனியின் 638 என்ற ரிட்டெய்னிங் காம்பவுண்ட் 0.25 மி.மீ. இடைவெளி வரையும் 180 டிகிரி வரையும் தாங்கும். ஆனால் இறுக்கம் இல்லாத ஓட்டையை இந்தப் பசையை மட்டும் நம்பி அடைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அளவு, அதன்மேல்தான் பசை என்றார். கிண்ணத்துக்குள் சரியாக உட்காரும் உருளையை வைத்து, விளிம்பில் அடி படாமல் நேராக இறக்கினார். பிறகு ஒரு முழு நாள் வண்டியைத் தொடவே விடவில்லை.

கோர் பிளக்கோ, ஆயில் அளவு பார்க்கும் கம்பி நுழையும் டிப்ஸ்டிக் குழாயோ, ஹெட்டில் வால்வ் வந்து உட்காரும் வளையமான வால்வ் சீட்டோ, அழுத்திப் பொருத்திய எந்தப் பாகம் லூஸானாலும் அளந்தீர்களா என்று கேளுங்கள். டிப்ஸ்டிக் குழாய் என்றால் பசையோடு விட்டுவிடலாம், அதன்மேல் பாரம் எதுவும் இல்லை. வால்வ் சீட்டைப் பஞ்ச் குத்தி நிறுத்துகிறேன் என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது கழன்று விழுந்தால் பிஸ்டனும் சேர்ந்து நாசமாகும். பழைய பாகத்தைத் தரச் சொல்லி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள். உள்ளே போட்ட பிறகு போட்டோவும் கேளுங்கள். கூலன்ட் சம்பந்தப்பட்ட வேலை என்றால் பிரஷர் டெஸ்ட் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றினால் போதும். பெரியவர் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் பதினைந்து நிமிடம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அசையவில்லை என்று தெரிந்த பிறகே சாவியை வாங்கினேன்.