நைட் ஷிஃப்ட்டும் நீலப் பூவும்: மார்னிங் குளோரி வளர்த்த ஐந்து வருட அனுபவம்

காலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்க முடியாதவர்கள் இந்த மார்னிங் குளோரிக் கொடிக்கு ஆசைப்பட வேண்டாம். விதை விற்றவர்கள் எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். முதல் ஷிஃப்ட் வாரம் இருட்டோடு கிளம்பி மதியம் மூன்று மணிக்குத் திரும்பினால், கசக்கிப் போட்ட பஸ் டிக்கெட் மாதிரி சுருண்ட பூக்கள்தான் கொடி முழுக்கத் தொங்கும். இரண்டாம் ஷிஃப்ட் வாரம் தூங்கி எழவே ஒன்பதாகிவிடும், அதற்குள் வெயில் பாதியை வாட்டியிருக்கும். நைட் முடித்து ஆறேமுக்காலுக்கு மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் முழுசாகப் பார்க்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், அவ்வளவுதான் நம் பங்கு.

2020-ல் ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கினேன். 'ஹெவன்லி ப்ளூ' என்று எழுதி, வானத்தைப் பிழிந்தெடுத்த நிறத்தில் படம் போட்டிருந்தார்கள். இருபது விதையில் மூன்று முளைத்தன. பூத்தது ஊதா. நிறத்துக்குக் கடைக்காரரைத் திட்டலாம், முளைக்காததில் என் தப்பும் உண்டு. இதன் விதைத் தோல் கல் மாதிரி. அப்படியே மண்ணில் போட்டால் பாதிக்கு மேல் சும்மா கிடந்து மக்கிவிடும்.

அடுத்த வருடம் கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு வேலியில் படர்ந்திருந்த நீலப் பூக்கொடியிலிருந்து காய்ந்த காய் நாலைந்து பறித்து வந்தேன். உள்ளே மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை, ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் கறுப்பாக. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பியதை மட்டும் நட்டேன். ஐந்தாம் நாள் முளைத்துவிட்டது. முதல் இரண்டு இலையும் நடுவில் பிளந்து பட்டாம்பூச்சி சிறகு போல இருக்கும். வேறு ஏதோ களை என்று பிடுங்கிவிடாதீர்கள், இலையின் அசல் வடிவம் அப்புறம்தான் வரும்.

பாசத்தில் செய்த தவறு உரம். மண்புழு உரம், மீன் அமிலம் என்று வாரம் தவறாமல் ஊட்டினேன். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையை மூடுகிற அளவுக்கு வளர்ந்தது, மொட்டு ஒன்றுகூட இல்லை. தழைச்சத்து கூடினால் இது இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். இப்போது செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு கலந்து நடும்போது ஒரு கை மண்புழு உரம், அதோடு சரி.

பருவத்தைப் பிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று அம்மா சொல்ல, ஆடியில் போட்டேன். ஐப்பசியில் மொட்டு வரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. புனல் மாதிரி பூவில் மழை விழுந்தால் இதழ் கிழிந்து தொங்கிவிடும். இந்த வகை பகல் குறுகும்போதுதான் நன்றாக மொட்டு விடும், எனவே மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் விதைத்துப் பார்த்தேன். இடுப்பளவு ஏறும்போதே பூக்கத் தொடங்கிவிட்டது. தை, மாசி இரண்டு மாதமும் தினம் பத்துப் பதினைந்து. பங்குனியில் செஞ்சிலந்தி என்ற பொடிப் பூச்சி வந்து இலை பழுக்கும். நான் மருந்து அடிப்பதில்லை, சித்திரைக்குள் பிடுங்கிவிடுவேன்.

கொடி ஏற, முதலில் துறைமுகத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து கட்டினேன். செலவு குறைவு, பார்க்கவும் அழகு. காய்ந்த பிறகுதான் வேதனை. கண்ணிக்குக் கண்ணி நுழைந்து முறுக்கிக்கொண்ட தண்டை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் அந்த வலையையும் கம்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது, எனக்கு ஒரு வேலை மிச்சம். இப்போது சணல் கயிறுதான், கொடியோடு சேர்த்து அறுத்துப் போட்டுவிடலாம். இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். உதவி செய்கிறேன் என்று மறுபக்கமாகச் சுற்றிவிட்டால் அடுத்த நாள் அவிழ்த்துக்கொண்டு தொங்கும்.

ஒரு நாள் இலையில் தங்கத் துளி ஒன்று ஒட்டியிருந்தது. ஆமை வண்டு. கண்ணாடி ஓட்டுக்குள் தங்கத்தை ஊற்றி வைத்த மாதிரி. இலையைச் சல்லடையாக்கியது அதுதான் என்று தெரிந்தும் நசுக்க மனம் வரவில்லை. செத்தால் அந்தப் பொன்னிறமும் மங்கிவிடுமாம்.

அம்மாவுக்கு இன்றுவரை உடன்பாடில்லை. "ஏன்டா, கனகாம்பரம் வெச்சிருந்தா நாலு முழம் கட்டியிருக்கலாம். இது சாமிக்கும் ஆவல, தலைக்கும் ஆவல." சங்குப்பூவா தம்பி என்று கேட்கும் எதிர்வீட்டு அக்காவுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி நானும் விட்டுவிட்டேன். ஆனால் அவர் பேரன் வந்தால் காய்களை முதலில் பறித்துவிடுவேன். விதை வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி, மனக்குழப்பம் வரை போகலாம். வள்ளைக்கீரையும் சர்க்கரைவள்ளியும் இதன் சொந்தம்தான், அதற்காக இதைச் சமைத்துவிடக் கூடாது. வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சொந்தம்தான், அந்தக் குணம் இதனிடமும் கொஞ்சம் உண்டு. காய் வெடித்துச் சிதறிய விதை அடுத்த மழைக்கு மல்லிகைத் தொட்டியில், தண்ணீர் போகும் துளையில், கறிவேப்பிலை அடியில் எல்லாம் முளைத்தது. இப்போது இரண்டு பெயின்ட் வாளி, வாளிக்கு மூன்று செடி, அதற்கு மேல் இல்லை.

நைட் முடிந்த காலைகளில் டீ டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன். நாளைக்கு விரிய வேண்டிய மொட்டு மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு, சிவப்பு கலந்த ஊதாவில் இருக்கும். விரியும்போது இதழுக்குள் இருக்கும் சாறின் அமிலத்தன்மை குறைவதால் அதே சாயம் நீலமாகிவிடுகிறது. வாடும்போது திரும்ப ஊதா.

இந்த வாரம் முதல் ஷிஃப்ட். கேன்டீனில் இட்லி சாப்பிடும்போது மனைவி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறாள். இன்றைக்குப் பதினொன்று. என்ன போனில் எடுத்தாலும் அந்த நீலம் ஊதாவாகத்தான் விழுகிறது.