உறைந்து வெடித்த என்ஜின் பிளாக்: ஒட்டா, வெல்டிங்கா, தையலா, வேறு பிளாக்கா?

"ரேடியேட்டர்ல இருந்த தண்ணியப் பூராவும் எறக்கி உட்டுட்டுத்தானுங்க படுத்தேன். அப்புறமும் எப்படிங்க பிளாக் ஒடையும்?"

காஷ்மீரின் காசிகுண்டிலிருந்து எங்கள் லாரி டிரைவர் அண்ணன் போனில் கேட்டபோது சங்ககிரியில் எங்களிடம் பதில் இல்லை. சேலம், நாமக்கல் வழியாகப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனைதான் ஸ்ரீநகர். டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரை நாற்பது நாளை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள், குளிரின் உச்சம். மண் சரிந்து வழி அடைபட, ஆப்பிள் ஏற்றப் போன எங்கள் லாரி இரண்டு ராத்திரி அங்கேயே நின்றது. வழியில் ஹோஸ் வெடித்து, உறையாமல் காக்கும் கூலண்ட் கொட்டிப்போயிருந்ததால் என்ஜினுக்குள் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

அண்ணன் கேட்டதற்குப் பதில் வண்டி வீடு வந்த பிறகுதான் கிடைத்தது. ரேடியேட்டரைத் திறந்துவிட்டால் ரேடியேட்டர்தான் காலியாகும். சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடல்தான் பிளாக்; அதன் அடியில் நிற்கும் தண்ணீருக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு டிரெயின் பிளக் உண்டு. அதைக் கழற்றினோம்; ஒரு சொட்டு வரவில்லை. கட்டுக்கம்பியை விட்டுக் குத்தியதும் செங்காவி நிறத்தில் சேறு குழம்பாக வழிந்தது, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. குளிர் நாடுகளில் படகு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வேலை. படகின் உள்ளே பொருத்திய என்ஜின்கள் பலவற்றில் ஏரித் தண்ணீரே சுற்றி வருவதால், குளிர்காலத்துக்கு முன் பிளக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். படகின் பின்னால் தொங்கும் மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நிமிர்த்தி நிறுத்தினால் தானே வடிந்துவிடும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்ட மூடிகள் பிதுங்கி வந்து சுவரைக் காப்பாற்றும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட ஓட்டைகளுக்கான மூடிகள் அவை. காப்பாற்றினால் நம் அதிர்ஷ்டம். எங்களுக்கு ஒரு மூடியும் பிதுங்கியது, சுவரும் பிளந்தது.

என்ன வைத்தியம் என்று பேசுவதற்கு முன், விரிசல் எங்கே என்று பார்க்க வேண்டும். முதலில் டிப் ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கும் கம்பி. ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, செல்ஃப் அடிக்கவே கூடாது. எங்கள் ஆயில் கருப்பாகவே இருந்தது. அடுத்து கைப்பம்பு வைத்து, ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 15 பிஎஸ்ஐக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தோம். கடைசியில் சிவப்புச் சாய ஸ்பிரே. இரும்பை மின்னத் தேய்த்துச் சாயம் அடித்து, கால் மணி நேரம் கழித்துத் துடைத்து, வெள்ளை மருந்தை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழுந்து வரும். கண்ணுக்கு ஒரு சாண் தெரிந்த விரிசல், சாயத்தில் நாலு விரற்கடை கூடுதலாக நீண்டது. நல்லவேளை, அத்தனையும் வாட்டர் ஜாக்கெட்டின், அதாவது சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறையின் வெளிச்சுவரில். சிலிண்டர் பக்கமோ ஹெட் போல்ட் ஓட்டைக்கோ ஓடியிருந்தால் இந்த அலசலுக்கே வேலை இருந்திருக்காது, பிளாக்கை மாற்றியிருப்போம்.

எபாக்ஸி என்ற கலவைப் பசையை எல்லோரும் இளக்காரமாகப் பேசுவார்கள், நான் பேச மாட்டேன். அங்கேயே பூசி, சுமார் 3,000 கிலோமீட்டர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். ஜாக்கெட் சுவருக்கு எரிபொருள் வெடிக்கும் அழுத்தம் கிடையாது, தண்ணீரின் அழுத்தம் மட்டுமே. விரிசலின் இரு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு, நெடுக 'வி' வடிவில் பள்ளம் வெட்டி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, ஒரு நாள் காய விட்டால் நிற்கும். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. இரும்பும் பசையும் ஒரே அளவில் விரிவதில்லை, லாரி என்ஜினின் அதிர்வும் சேர்ந்தால் ஓரம் விடும்.

வெல்டிங்தான் பட்டறையில் முதலில் சொன்னது. கூலி குறைவு, மறுநாளே முடியும். என் பயம் வேறு. வார்ப்பிரும்பில் கரி அதிகம். சூடேறிச் சட்டென ஆறும் இடம் கண்ணாடி போல இறுகிவிடும். வெல்டிங் நிற்கும், அதற்கு அரை அங்குலம் தள்ளிப் புது விரிசல் ஓடும். மாமாவின் பழைய லாரியில் அப்படித்தான் ஆனது. முறையாகச் செய்பவர்கள் நிக்கல் ராடு பிடித்து, ஓர் அங்குலம் வைத்ததும் சுத்தியால் தட்டிக் கொடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த அங்குலம் வைப்பார்கள். இல்லையென்றால் பிளாக் முழுவதையும் உலையில் காய்ச்சி, கேஸில் வெல்டிங் செய்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆற்ற வேண்டும். அதற்கு என்ஜினை மொத்தமாகப் பிரிக்கணும். ஆறிய பின் மேல்தளம் கோணியிருந்தால் லேத் செலவு தனி.

வேறு பிளாக் வாங்கிவிடலாம் என்றார் மாமா. "கோயமுத்தூர் உக்கடத்துல ஒரு நாள் சுத்துனா கெடைக்கும் கண்ணு" என்பது அவர் வாதம். கிடைக்கும்தான். ஆனால் என்ஜின் நம்பர் பிளாக்கில்தான் அடித்திருக்கும். பிளாக் மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும். விற்றவரின் பில் இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் திருட்டு என்ஜின் கணக்காகிவிடும். பழைய பிளாக்குக்குள் ஏற்கெனவே யார் வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்தார்களோ, அதையும் சாயம் அடித்துத்தான் பார்க்கணும். சிலிண்டர் துளை, பேரிங் அளவெல்லாம் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். சிலிண்டர் விரிசலுக்கு இதுவே வழி. ஜாக்கெட் விரிசலுக்கு இது கொசுவுக்குப் பீரங்கி.

தையல் என்றால் சூடு இல்லாமல், விரிசல் நெடுக ஸ்டடு எனும் மரையுள்ள கம்பித் துண்டுகளை இறக்கி அடைப்பது. அதற்கு வெல்டிங்கைப் போல மூன்று மடங்கு கூலி, நான்கு நாள் வேலை. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். சூடே கிடையாது என்ற ஒரே காரணம் போதுமாயிருந்தது. கோவையிலிருந்து வந்தவர் விரிசலின் மேல் ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஒரு ஸ்டடைத் திருகி, தலையை அறுத்துத் தட்டினார். அடுத்த ஓட்டை முதல் ஸ்டடின் விளிம்பைக் கொஞ்சம் கடித்தபடி விழுந்தது. இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முடிவில் விரிசல் இருந்த இடமெல்லாம் ஸ்டடு. நடுநடுவே குறுக்காக வெட்டிய பள்ளத்தில் எலும்பு வடிவ நிக்கல் தகடுகளை அடித்து இறக்கினார். இரு பக்கமும் விலகாமல் பிடிப்பது அவைதான். கிரைண்டர் ஓட்டிய பிறகு அருகில் குனிந்தால் மட்டும் மங்கலான வட்டங்களின் வரிசை தெரிந்தது. குறை இல்லாமல் இல்லை: சுவர் மெலிந்திருந்தால் மரை பிடிக்காது, மூலையில் வளைந்து ஓடும் விரிசலுக்குக் கை எட்டாது. எங்கள் சுவரில் துளையிட்டு ஆழம் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலைக்கே ஒப்புக்கொண்டார்.

மறுபடி 15 பிஎஸ்ஐ ஏற்றி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். முள் அசையவில்லை. கூலண்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். எத்திலீன் கிளைக்கால் அந்த அளவில் இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. டிரைவர் அண்ணன் அந்தச் சேறு எடுத்த கட்டுக்கம்பியைத் தூக்கிப் போட விடவில்லை. சுருட்டி டூல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.