மூன்றுகால் சட்டியா, தட்டை வாணலியா? அமெரிக்கக் குடியேறிகளின் வார்ப்பிரும்புப் பாத்திரங்கள்

ஜார்ஜ் வாஷிங்டனின் தாயார் மேரி வாஷிங்டன் 1788-இல் எழுதிய உயிலில், நிலத்தையும் கட்டிலையும் மகனுக்கு எழுதியதோடு நில்லாமல், தம் இரும்புச் சமையல் சாமான்களையும் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிட்டிருக்கிறார். அக்காலக் குடியேற்றக் குடும்பங்களில் வார்ப்பிரும்பு பெற்றிருந்த மதிப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சாமான்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. டச்சு அவன் எனப்படும் மூன்றுகால் சட்டி, ஸ்பைடர் என்ற நீண்ட பிடியுள்ள வாணலி, பின்னால் வந்த தட்டை வாணலி ஆகிய மூன்றையும், எந்த நெருப்புக்காக அவை வார்க்கப்பட்டன என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

இவற்றுள் டச்சு அவனையே நான் முதலிடத்தில் வைப்பேன். இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி, மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-இல் காப்புரிமை பெற்ற பிறகு, இத்தகைய பாத்திரங்களைக் குறைந்த செலவில் செய்ய முடிந்தது. குட்டையான மூன்று கால்கள், தூக்குவதற்கு வளைந்த கம்பிப் பிடி, விளிம்பு உயர்ந்த தட்டையான மூடி ஆகியவை குடியேறிகளிடையே பரவிய வடிவத்தின் அடையாளங்கள். கால்கள் இருப்பதால் அடியில் தணலைப் பரப்பலாம். மூடியின் விளிம்பு தடுப்பதால் மேலேயும் தணலைக் குவிக்கலாம். இப்படி இருபுறமும் சூடு படுவதால், தனியாக ஓர் அடுமனை இல்லாத குடிசையிலும் ரொட்டி வெந்தது. அதே சட்டியில் மறுவேளை இறைச்சியும் பீன்ஸும் வெந்தன. மிசூரியிலிருந்து ஆரிகானுக்கு ஏறத்தாழ 2,000 மைல் வண்டியில் சென்றவர்கள், விறகு கிடைக்காத சமவெளியில் காட்டெருமையின் காய்ந்த சாணத்தை எரித்துச் சமைத்தபோது, அடுப்புக்கல் தேடாமல் தன் காலிலேயே நிற்கும் பாத்திரம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கனம்தான் இதன் பெருங்குறை. மூடியைக் கொக்கியால் தூக்கும்போது சற்றே சாய்ந்தாலும் சாம்பல் உணவில் விழும் என்பது மற்றொன்று.

ஸ்பைடருக்கும் மூன்று கால்கள் உண்டு. ஆழம் குறைவாதலால் அது விரைவில் சூடேறும். பன்றி இறைச்சித் துண்டுகளை வறுக்கவும் மக்காச்சோள மாவில் அடை சுடவும் ஏற்றது. கணப்பின் முன் நீண்ட பாவாடையுடன் நின்று சமைத்த பெண்களுக்கு அதன் நீண்ட பிடி உண்மையான பாதுகாப்பு. ஆயினும் ரொட்டியும் குழம்பும் இதற்கு எட்டாதவை; ஒரே பாத்திரம் வாங்க வசதியுள்ள குடும்பத்துக்கு இது போதாது. வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது; அதைத் தேனிரும்பைப் போல் உலையில் காய்ச்சி அடித்து ஒட்ட முடியாது. ஆகவே ஒரு கால் முறிந்தாலும் ஊர்க் கொல்லரால் எளிதில் சரிசெய்ய இயலாது.

தட்டை வாணலி பிந்தைய தலைமுறையின் பாத்திரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்பு அடுப்புகள் வீடுகளில் பரவியபோது கால்கள் இடையூறாயின. 1865-இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் தொடங்கிய கிரிஸ்வால்டு, 1891-இல் ஒஹாயோவின் சிட்னியில் தொடங்கிய வாக்னர் ஆகிய நிறுவனங்களின் வாணலிகள், உட்புறம் வழுவழுப்பாக இழைக்கப்பட்டு, மெல்லியனவாக இருக்கும். இன்றைய எரிவாயு அடுப்பில் அன்றாடம் புழங்குவதற்கு இவையே சிறந்தவை.

பழைய பாத்திரம் வாங்குவோர் அடிப்புறத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நீளமான ஒரு வடு இருந்தால், உருகிய இரும்பை அடிவழியே ஊற்றிய பழைய முறையில் அது வார்க்கப்பட்டது என்று பொருள்; பெரும்பாலும் 1890-களுக்கு முந்தியதாக இருக்கும். மண்பானையைப் போலவே தட்டிப் பாருங்கள். மணி போல் ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கக்கூடும். துப்பாக்கிக் குண்டு வார்க்கக் காரீயம் உருக்கிய சட்டிகளும் சந்தைக்கு வருவதால், காரீயச் சோதனை செய்யாமல் எதிலும் சமைக்கக் கூடாது.

சில பழைய சட்டிகளின் கால்கள் அறுக்கப்பட்டிருக்கும். பலர் இவற்றைப் பழுதுபட்டவை என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். கணப்பிலிருந்து இரும்பு அடுப்புக்கு மாறிய ஒரு குடும்பம், பழைய சட்டியை விட்டுவிட மனமின்றி அறுத்த தடமாகவும் அது இருக்கலாம்.