ஸ்டெம் செல் எண்டு நம்பிக் காணியை வித்துப்போடாதேங்கோ

என்ர தம்பிக்கு 2009 சித்திரையில மாத்தளனில எறிகணைத் துண்டு முள்ளந்தண்டில பட்டது. அண்டையிலயிருந்து சில்லுக்கதிரைதான்.

2024இல புதுக்குடியிருப்பில எங்கட வீட்டுக்கு ஒரு ஏஜென்ற் வந்தார். இந்தியாவில ஒரு கிளினிக்காம், ஸ்டெம் செல்லும் (வேற வகைக் கலங்களா மாறக்கூடிய மூலக்கலம்) அன்ரிஒக்சிடன்ற் மருந்தும் (தீங்கான ஒட்சிசன் மூலக்கூறுகளை அடக்கிற மருந்து) சேர்த்து ஏத்தினா ஆறு மாசத்தில கால் அசையுமாம். ஃபோனில வீடியோ காட்டினார். பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடந்த எலி பிறகு நடக்குது. அம்மா அதை மூண்டுதரம் போடச்சொல்லிப் பாத்தவ. அரை ஏக்கர் வயல் வித்து, என்ர சங்கிலியையும் ஈடுவைச்சு 18 இலட்சம் குடுத்தம்.

அங்க நாலு நாள் கையில சேலைன் மாதிரி ஏத்தினவை. கூடவே அன்ரிஒக்சிடன்ற் எண்டு குளுட்டாதயோனும் விற்றமின் சியும். ஆரிட்ட எடுத்த கலம், எத்தினை எண்டு துண்டில ஒரு எழுத்தில்லை.

படுக்கைப்புண் வராம ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிவிட ஆளில்லை. என்னை உள்ள விடேல்லை. வீட்ட வந்து உடுப்பு மாத்தேக்க பாத்தா, பிட்டத்தில ஐஞ்சு ரூபாக் குத்தியளவு கறுப்பு. மூண்டாம் நாள் தோல் விட்டு, என்ர சுண்டுவிரல் நுழையிற பள்ளம். 15 வருசமா ஒரு புண் வராமப் பாத்த உடம்பு! நாலு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தவன்.

அங்கதான் டொக்டர் விளங்கப்படுத்தினார். முண்ணாண், அதுதான் முள்ளந்தண்டுக்குள்ள போற நரம்புத்தண்டு, அடிபட்ட முதல் மணித்தியாலங்களிலயும் நாள்களிலயும் தீங்கான ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகி, தப்பின நரம்புகளையும் அழிக்குமாம். அதுக்குள்ள வைக்கிற ஸ்டெம் செல்லும் செத்துப்போகும். அதைக் காப்பாத்தத்தான் அன்ரிஒக்சிடன்ற் சேர்த்து விலங்குகளில ஆராயினம். 15 வருசத் தழும்புக்கு அந்தக் கணக்குச் சரிவராது. யப்பானில கெய்யோ பல்கலைக்கழகம் நாலு பேருக்கு ஸ்டெம் செல்லில இருந்து எடுத்த கலம் வைச்சு, ரெண்டு பேருக்கு முன்னேற்றம் எண்டு 2025 பங்குனியில அறிவிச்சது. அவையெல்லாம் காயப்பட்டு 2 முதல் 4 கிழமைக்குள்ள சேர்க்கப்பட்ட ஆக்கள். கலத்தைச் சத்திரசிகிச்சை செய்து முண்ணாணுக்குள்ளயே வைச்சவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்ர 2017 வழிகாட்டியிலயும் முண்ணாண் காயத்துக்கு இது அங்கீகரிச்ச வைத்தியமில்லை. ஆய்வாத்தான் செய்யலாம், ஆய்வெண்டா நோயாளியிட்டக் காசு வாங்கேலாது. இது முதலே தெரிஞ்சிருந்தா அந்த ஆளை வாசலிலயே நிப்பாட்டியிருப்பன்.

இப்ப அதே ஆள் விசுவமடுப் பக்கம் வீடுவீடாத் திரியிறாராம். வந்தா, எந்தக் கலம், எங்க வைக்கிறது, காயம் எத்தினை நாளான ஆக்களில செய்து பாத்தது எண்டு எழுத்தில கேளுங்கோ. உங்கட டொக்டரிட்டக் காட்டாம ஒரு சதமும் குடுக்காதேங்கோ. வீட்டில கொஞ்சக் காசு இருந்தா, படுக்கைப்புண் வராம இருக்க நல்ல காற்று மெத்தை ஒண்டு வாங்குங்கோ. நாங்கள் இப்பதான், கடன் பட்டு, தம்பிக்கு ஒண்டு வாங்கினனாங்கள்.