ஒரே குடும்பப் பெயர், பல துறை ஆட்கள்: விக்கித்தரவு வினவல் சேவையை ‘போஸ்’ பெயரில் சோதித்தால்

வினாடி வினா தயாரிப்பவர்களும் பத்திரிகைப் பெட்டிச் செய்தி எழுதுபவர்களும் அடிக்கடி தேடும் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் விஞ்ஞானி யார், ஓவியர் யார், அரசியல்வாதி யார் என்று அடுக்குவது. இதற்கு இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் விக்கித்தரவு வினவல் சேவைக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. விக்கித்தரவு என்பது விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளம்; அதனிடம் கேள்வி கேட்டுப் பட்டியல் எடுக்கும் இடம்தான் இந்தச் சேவை. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை, எடுக்கும் தரவு சிசி0 என்னும் கட்டுப்பாடற்ற உரிமத்தில் வருவதால் எங்கும் பயன்படுத்தலாம். ஆனால் கேட்டதை மட்டுமே, கேட்டபடி மட்டுமே தரும் கருவி இது. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால் பாதிப் பட்டியல்தான் கையில் நிற்கும்.

சோதிக்க ‘போஸ்’ பெயரைப் போல் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. தாவர ஆய்விலும் வானொலி அலைகளிலும் ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937), இயற்பியலில் சத்யேந்திரநாத் போஸ் (1894–1974), ஓவியத்தில் நந்தலால் போஸ் (1882–1966), விடுதலைப் போரில் குதிராம், ராஷ் பிஹாரி, சுபாஷ், கணிதப் புள்ளியியலில் ராஜ் சந்திர போஸ் (1901–1987), ஒலிபெருக்கித் தொழிலில் அமர் போஸ் (1929–2013). இத்தனை துறைகள் ஒரு பெயரில் கூடுவதற்குக் காரணம் உண்டு. வங்காளத்துக் காயஸ்தர் சாதியில் உயர்ந்த பிரிவாகக் கருதப்பட்ட குலீனர்களின் பெயர்களில் ஒன்று இது. ஆங்கிலக் கல்வி கல்கத்தாவுக்கு வந்தபோது அதில் முதலில் நுழைந்த வகுப்புகளில் காயஸ்தர்களும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு உறவு என்று முடிவு கட்டக் கூடாது. பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திரர் ஆசிரியர், சத்யேந்திரநாத் மாணவர். அவர்களுக்கு இடையே இருந்த தொடர்பு அதுதான்.

சேவையைத் திறந்தால் இரண்டு வாசல்கள். ஒன்று, நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான ‘வினவல் கட்டமைப்பி’. பண்புக்கான (அதாவது ஆளைப் பற்றிய விவர வகைக்கான; ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பி’ எண் உண்டு) கட்டத்தில் குடும்பப் பெயர் (பி734), மதிப்புக்கான கட்டத்தில் போஸ் என்று தேர்ந்தெடுத்து ஓட்டினால் போதும். முதல் தடுமாற்றம் இங்கேயே நேரும். மதிப்புக் கட்டத்தில் பெயரைத் தட்டினால் ஒலிபெருக்கி நிறுவனம், பெயர் மயக்கம் தீர்க்கும் பக்கம், ஆட்கள் என்று பல பதிவுகள் வரும். விளக்க வரியில் ‘குடும்பப் பெயர்’ என்று இருக்கும் பதிவைத்தான் தொட வேண்டும். மற்றதைத் தொட்டால் விடை பூஜ்யம். கருவி பழுது என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுவது இந்த இடத்தில்தான். கட்டமைப்பியின் இன்னொரு குறை, ஆளின் பெயரைத் தவிர வேறு நெடுவரிசை எதையும் அது காட்டாது. துறைவாரியாகப் பிரிக்க வேண்டிய நம் வேலைக்கு அது போதாது.

ஆகவே இரண்டாம் வாசல்: ஸ்பார்க்கிள் என்னும் வினவல் மொழியில் நேரடியாக எழுதுவது. பயப்பட ஒன்றுமில்லை, நான்கு வரிதான். ‘இது ஒரு மனிதர்’ (பி31, மதிப்பு கியூ5; விக்கித்தரவின் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கியூ எண் உண்டு) என்பது ஒன்று. ‘குடும்பப் பெயர் போஸ்’ (பி734) என்பது இரண்டு. ‘தொழில்’ (பி106) மூன்று. எண்களுக்குப் பதிலாகப் பெயர்களைக் காட்டச் சொல்லும் லேபிள் சேவை நான்கு. பண்பு எண்கள் நினைவில் இல்லையென்றால், தொகுப்பியில் கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் தேடல் பட்டியல் விரியும்.

தொழில் வரியை ‘ஆப்ஷனல்’ அடைப்புக்குள் போட மறந்தால், தொழில் பதியப்படாத ஆட்கள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் இது ஆபத்து. எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு: ஒருவருக்கு மூன்று தொழில்கள் பதிவாகியிருந்தால் அவர் மூன்று வரிகளில் வருவார். 90 வரி வந்தால் 90 பேர் என்று எண்ணிவிடக் கூடாது. ‘குரூப் பை’ கொண்டு ஆளுக்கு ஒரு வரியாக்கி, ‘குரூப் கான்கேட்’ கொண்டு தொழில்களைக் காற்புள்ளியிட்டு ஒரே கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

லேபிள் சேவையில் மொழிக் குறியீடுகளின் வரிசை முக்கியம். தமிழை மட்டும் கொடுத்தால், தமிழ்ப் பெயர் இடப்படாதவர்கள் வெறும் கியூ எண்களாக நிற்பார்கள். தமிழ், அதையடுத்து எல்லா மொழிக்கும் பொதுவான ‘மல்’ (mul) என்னும் குறியீடு, பிறகு ஆங்கிலம், கடைசியில் வங்காளம் என்று கொடுப்பது நல்லது. ‘மல்’ என்பதைப் பழைய வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. ஆனால் பல ஆட்பெயர்கள் இப்போது அந்தப் பொது இடத்துக்கே மாற்றப்பட்டு வருவதால் அதை விட்டால் எண்கள்தான் மிஞ்சும்.

முக்கியமானவர்கள் மேலே வர வேண்டுமா? ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை விக்கித் தளங்களில் பக்கம் இருக்கிறது என்ற எண்ணிக்கை (‘சைட்லிங்க்ஸ்’) உள்ளேயே இருக்கிறது. அதை இறங்கு வரிசையில் அடுக்கினால் போதும். இந்தச் சேவையில் மிகவும் பிடித்துப்போகும் வசதி இது. ஆனால் இது புகழை அளக்கும் எண், தாக்கத்தை அளப்பதில்லை. ராஜ் சந்திர போஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் கட்டத்தில் கணிதவியலாளர் என்று வருவதோடு சரி. கைபேசியில் தினமும் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தில், மூலைச் சதுரங்களை ஒட்டி ஓடும் 15 பிட் வடிவத் தகவலில் 5 பிட்தான் செய்தி. மீதி 10 பிட் பிழை திருத்தத்துக்கு. அதைத் திருத்தும் பிசிஎச் குறிமுறையின் ‘பி’ இவருடைய பெயர்தான். லத்தீன் சதுரங்கள் (ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒரு குறி ஒருமுறையே வரும் கட்டங்கள்) பற்றிக் கணிதவியலாளர் ஆய்லர் சொன்ன ஊகத்தை 1959இல் ஶ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து தகர்த்தவரும் இவரே. அட்டவணை இவற்றைத் தானாகச் சொல்லாது. ‘குறிப்பிடத்தக்க படைப்பு’ (பி800), ‘விருது’ (பி166) இரண்டையும் ஆப்ஷனலாகச் சேர்த்துப் பார்க்கலாம். அதன் பிறகும் ஆளின் பக்கத்தைத் திறந்து படிப்பதைத் தவிர்க்க முடியாது.

இனி பெரிய ஓட்டைக்கு வருவோம். விக்கித்தரவில் குடும்பப் பெயர் என்பது எழுத்துக்கூட்டல்தான். எழுத்து மாறினால் பதிவும் வேறு. வங்காளத்தில் போஷு என்று ஒலிக்கும் ஒரே பெயரைத்தான் ஆங்கிலத்தில் சிலர் போஸ் என்றும் சிலர் பாசு என்றும் எழுதினார்கள். ஜகதீஷ் சந்திரர் 1917இல் நிறுவிய ஆய்வகம் ஆங்கிலத்தில் ‘போஸ் இன்ஸ்டிடியூட்’. வங்காளத்தில் அதன் பெயர் ‘பசு விஞ்ஞான் மந்திர்’. காங்கிரஸ் மாநாட்டுக்கு 1914இல் சென்னையில் தலைமை வகித்த பூபேந்திரநாத், சில நூல்களில் போஸ், சிலவற்றில் பாசு. போஸ் என்று மட்டும் தேடினால் மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசு (1914–2010) வரமாட்டார். தீர்வு, குடும்பப் பெயர் வரியில் ‘வேல்யூஸ்’ போட்டு இரண்டு பதிவுகளையும் ஒன்றாகக் கொடுப்பது. பெயர்ப் பதிவுகளுக்குள் ‘இதுவும் அதுவும் ஒன்றே எனக் கருதப்படுகிறது’ (பி460) என்ற இணைப்பு இருந்தால் அதன் வழியாக மற்ற வடிவங்களையும் பிடிக்கலாம். கைமுறையாகச் சரிபார்ப்பது இன்னும் நம்பகம்.

எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருந்து பெயர் வேறாக இருப்பதும் உண்டு. ஜெர்மனியிலும் இதே எழுத்துகளில் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. பிரஷ்ய தளபதி யூலியுஸ் ஃபான் போஸே (1809–1894), 18ஆம் நூற்றாண்டில் நிலைமின்சாரச் சோதனைகளால் பேர்பெற்ற கேயோர்க் மத்தியாஸ் போஸே (1710–1761) ஆகியோர் அந்த வழி. பட்டியலில் இரண்டு ‘போஸ்’ இயற்பியலாளர்கள் அருகருகே நின்றால் ஒருவர் கல்கத்தா, மற்றவர் லைப்சிக் என்பதைக் கருவி பிரித்துச் சொல்லாது. குடியுரிமை (பி27), பிறந்த இடம் (பி19) ஆகிய நெடுவரிசைகளைச் சேர்த்தால் உடனே தெளியும். பிறந்த இடத்தின் ஆயத்தொலைவையும் கேட்டு, விடையை வரைபடக் காட்சிக்கு மாற்றினால் இரண்டு கூட்டங்களும் இரு கண்டங்களில் பிரிந்து நிற்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த முறையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்தில் இருப்பது தந்தை பெயர். திருப்பரங்குன்றம் சட்டமன்ற உறுப்பினராக இருந்து 2018இல் மறைந்த ஏ.கே. போஸ் பெயரில் ‘போஸ்’ அவருடைய சொந்தப் பெயர். இசையமைப்பாளர் சந்திரபோஸும் அப்படியே. 2023இல் ஆஸ்கர் வாங்கிய தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸும் அப்படியே. நேதாஜி மீதுள்ள பற்றால் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கும் வழக்கம் தென்னாட்டில் பரவலானது. இந்த வகைப் பெயர்களைச் சொந்தப் பெயர் (பி735) என்று பதிய வேண்டும், தந்தை பெயருக்குத் தனிப் பண்பு (பி5056) இருக்கிறது. பதிபவர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணிப் போட்டுவிட்டால் பட்டியல் கெட்டுப்போகும்.

இதன் மறுபக்கத்தைக் காட்டுவது நோபல் பரிசு பெற்ற இருவர். சி.வி. ராமன் (1930), சு. சந்திரசேகர் (1983): சித்தப்பாவும் அண்ணன் மகனும். இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. ராமனின் தந்தை பெயர்தான் பேரனுக்குச் சொந்தப் பெயராக வந்தது. குடும்பப் பெயர் வினவலில் இவர்கள் ஒருபோதும் சேரமாட்டார்கள். உறவைத் தேட தந்தை (பி22), உடன்பிறப்பு (பி3373) ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும். போஸ் பட்டியலிலும் இதே இரண்டைச் சேர்த்தால் சரத், சுபாஷ் சகோதரர்கள் ஒரு கொத்தாகப் பிரிந்து தெரிவார்கள். நந்தலால் அந்தக் கொத்தில் இல்லை. சுபாஷ் தலைமை வகித்த 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குச் சுவரொட்டி ஓவியங்கள் வரைந்தவர் அவர் என்றாலும் உறவுக்காரர் அல்ல.

தேதிகளிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு விடையில் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று வரும். ‘ஜனவரி 1இல் பிறந்த போஸ்கள்’ என்று யாரும் கட்டம் கட்டிவிடக் கூடாது. சிக்கல் என்னவென்றால், சத்யேந்திரநாத் உண்மையிலேயே 1894 ஜனவரி 1 அன்று பிறந்தவர்! கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை. பிறந்த தேதியின் (பி569) முழு மதிப்புக்குள் இறங்கித் துல்லிய எண்ணையும் ஒரு நெடுவரிசையாகக் கேட்க வேண்டும். 11 என்றால் நாள் வரை சரி, 10 மாதம் வரை, 9 என்றால் ஆண்டு மட்டும்.

வேகம் பற்றி: குடும்பப் பெயர் பண்பைக் கொண்டு தேடினால் சில நொடிகளில் விடை வரும். பண்பை விட்டுவிட்டு, ‘பெயர் போஸ் என்று முடியும் எல்லா மனிதர்களும்’ என்று எழுத்தை வடிகட்டினால் கருவி கோடிக்கணக்கான பதிவுகளை உருட்டத் தொடங்கி, 60 நொடி வரம்பில் நின்றுவிடும். பண்பு பதியப்படாத ஆட்களைப் பிடிக்க அப்படித் தேடத் தோன்றும்தான். அதற்கு விக்கித்தரவின் சாதாரணத் தேடல் பெட்டி மேல். தமிழில் தேடும்போது ‘போஸ்’, ‘போசு’ இரண்டையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். கிரந்த எழுத்தைத் தவிர்த்து எழுதும் கட்டுரைகளும் நிறைய.

நிரல் பக்கமே போக விருப்பமில்லாதவர்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் குடும்பப் பெயர்ப் பக்கங்கள் போதும். கையால் தொகுத்தவை என்பதால் ஒருவரி அறிமுகமும் கூடவே கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ பக்கங்கள் அந்த வேலையைச் செய்கின்றன, ஆனால் தமிழில் கட்டுரை உள்ளவர்களைச் சுற்றியே அவை நிற்கும்.

விடையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து குப்பையாகத் தெரியும். தரவு கெட்டுவிடவில்லை. வெற்று எக்செல் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்து, குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றி ஏற்றுங்கள். லிப்ரே ஆபிஸில் திறக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். வினவலைச் சேமிக்கத் தனியிடம் தேவையில்லை. இணைப்புப் பொத்தானில் குறுஞ்சுட்டி எடுத்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து அதையே ஓட்டி, இடையில் பதியப்பட்ட புதிய ஆட்களோடு பட்டியலைப் பெறலாம்.